ஒரு முழம் தள்ளிக் கட்டிய கயிறு

கலாவதியின் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருந்தன. ஆனி மாதம் ஐயம்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. கூட வந்த நாலு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. ஆட்டோவின் கம்பி கலாவதியின் காலைத் தேடி வந்து விழுந்தது.

அன்றைக்கு அவள் தறியில் அரக்கு நிறப் புடவை ஒன்று பாதி நெய்த நிலையில் இருந்தது. மூன்று கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருந்தது. மிச்சம் ஊடை ஓடாத நீள இழைகளாக, வெறும் பாவாகவே நாலு மாதம் கிடந்தது. பல்லியும் தூசியும் படாமல் மயில்வாகனம் அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். அவர் கலாவதியின் கணவர். அவள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, அவர் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கான ஊடை நூலை இழுத்துப்போகும் நாடாவைத் தள்ளுவார். இருபது வருடமாக அப்படித்தான். அவருக்குத் தனியாகப் புடவையின் உடல் பகுதியை நெய்யத் தெரியாதென்றில்லை. ஆனால் பாதியில் கை மாறினால் புடவை காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் அச்சுப்பலகையை இழுத்து அடிக்கும் வேகம் இன்னொருவருக்கு வராது. மாறின இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். கட்டிக்கொள்கிறவளுக்குத் தெரியாமல் போகலாம், வாங்குகிறவளின் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில், பாவும் பட்டும் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி காசிநாதன் வந்து, போர்வையை நீக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா கலாவதி, கால் எப்படி இருக்குது?"

"நடக்கறேன் மொதலாளி. குச்சி இல்லாமலே நடக்கறேன்."

"நடக்கறது சரி. மிதிக்க முடியுதா?"

அவள் தறிக்குழியைப் பார்த்தாள். காசிநாதன் கெட்ட மனிதர் அல்ல. வேறு யாராக இருந்தாலும் ஆடியிலேயே பாவை அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல மிச்சத்தை நெய்ய முருகேசனை அனுப்பறேன். கோடு விழுந்தா விழட்டும். நீ நூலைத் தார்க்குச்சியில சுத்தற வேலையைப் பாரு. அதுவும் வேலைதானேம்மா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனபிறகு கலாவதி வேட்டியை மறுபடி போர்த்தவில்லை. அப்படியே திறந்து கிடக்க விட்டாள். மயில்வாகனம் போர்த்தப் போனபோது, "இருக்கட்டுங்க" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் சுகாசினியிடம் கேட்டாள். சுகாசினி முசரவாக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாதவள். கலாவதியை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன்மேல் வலது காலை வைக்கச் சொன்னாள்.

"அழுத்துங்கக்கா. வலிக்கற வரைக்கும் வேணாம். லேசா."

முள் ஐந்தைத் தாண்டியது, எட்டு, பத்து. பதினொன்றில் கலாவதியின் முகம் மாறியதைப் பார்த்து சுகாசினி கையைக் காட்டினாள்.

"பத்து. அதுக்கு மேல போகக்கூடாது. நாளெல்லாம் மிதிக்கணும்னா பத்துக்குள்ளதான். இன்னும் ரெண்டு மாசத்துக்கு."

"மடக்கி நீட்டலாமா?"

"மடக்கறது நல்லதுதான். எவ்வளவு வேணா மடக்குங்க. அழுத்தறதுதான் கூடாது."

கலாவதி அந்த இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அழுத்துவது பத்துக் கிலோ. மடக்குவது எவ்வளவு வேண்டுமானாலும்.

வீட்டுக்கு வந்ததும் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். அவள் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. கரையில் பூவும் மயிலும் வர எந்தெந்த இழை எழும்ப வேண்டுமோ அவற்றைத் தூக்கிக் கொடுப்பது பெட்டியின் வேலை. பெட்டியைத் தூக்குவது நெய்பவரின் வலது காலின் வேலை. குழிக்குள் நாலடி நீளத்துக்கு ஒரு மிதிபலகை. அதன் அந்தக் கோடி, எதிர்ச் சுவரில் அடித்த மர முளையில் மாட்டியிருக்கும். இந்தக் கோடியில் கால். இரண்டுக்கும் நடுவே, முளையிலிருந்து இரண்டு முழத்தில், பெட்டியிலிருந்து இறங்கும் கயிறு கட்டியிருக்கும். காலை அழுத்தினால் கயிறு இறங்கும், மேலே பெட்டி எழும்பும். இடது காலுக்கு மாற்றிக்கொள்ளலாமென்றால் அந்தப் பக்கம் சுவர். கயிறு இறங்க வழியில்லை.

எத்தனை கிலோ மிதித்துக்கொண்டிருந்தோம் என்று இருபது வருடத்தில் அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பையில் மணலைப் போட்டு மிதியின் கோடியில் தொங்கவிட்டாள். பெட்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். பெட்டி முனகிக்கொண்டு எழும்பியபோது பையை எடுத்துப்போய்த் தெருக்கோடியில் பழைய பேப்பர்க் கடை வைத்திருக்கும் பழனியிடம் எடை போட்டாள். பதினேழு கிலோ.

"இன்னாக்கா, மணலெல்லாம் விக்கறியா?" என்றான் பழனி.

"வெயிட்டை மட்டும் சொல்லுப்பா."

பதினேழைப் பத்துக்குள் கொண்டுவர வேண்டும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகப் போகும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கயிறு முளைக்குக் கிட்டப் போனால் காலுக்குச் சுலபமாகும். அன்று சாயங்காலமே கயிற்றை அவிழ்த்து ஒரு முழம் தள்ளிக் கட்டினாள். முளையிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது இப்போது ஒரு முழத்தில் நின்றது. மணல் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். எட்டுக் கிலோவுக்கே பெட்டி எழும்பிவிட்டது.

மயில்வாகனம் கடையிலிருந்து வந்தபோது அவள் குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காந்துட்டியா?"

"நாடாவை எடுங்க. ரெண்டு விரக்கடை ஓட்டிப் பாக்கலாம்."

அவர் மறுக்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது. இருவரும் நெய்தார்கள். கால் நீளமாக இறங்க வேண்டியிருந்தது, பழைய நாலங்குலத்துக்குப் பதில் எட்டு அங்குலம். பாதம் குழியின் தரையில் போய் முட்டியது. குதிகாலைக் கோணலாக வைத்துச் சமாளித்தாள். ஆனாலும் வலிக்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு கரையில் ஒரு மயிலின் கழுத்து எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் எதிர்ச் சுவரிலிருந்து முளை பிடுங்கிக்கொண்டது.

மிதிபலகையின் அந்தக் கோடி விசிறியடித்துக்கொண்டு மேலே வந்தது, இந்தக் கோடி அவள் காலடியில் தொப்பென்று விழுந்தது. பிடிப்பில்லாமல் போன ஜக்கார்டு பெட்டி மேலேயிருந்து தன் பாரத்தோடு இறங்கி இடித்தது. வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. பாவில் அங்கங்கே இழைகள் அறுந்து சுருண்டன.

மயில்வாகனம் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார். அடி ஏதும் இல்லையென்று தெரிந்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அவர் கத்துகிறவர் அல்ல. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அந்தப் பலகை உன் முட்டியில பட்டிருந்தா இன்னா ஆகும்? ஆறு திருகாணி பன்னெண்டாவும். வேணாம் கலா. முருகேசன் வரட்டும்."

கலாவதி குழியைவிட்டு ஏறினாள். அறுந்த இழைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. அன்றும் மறுநாளும் இருவரும் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் பிணைத்தார்கள். விரல்கள் அதைச் செய்துகொண்டிருக்க, கலாவதியின் மனம் அந்த முளையைச் சுற்றியே வந்தது.

முளை புதிதல்ல. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஊறும்தான், ஆனால் இருபது மழைக்காலம் ஊறியும் அசையாதது இன்றைக்கு ஏன் பிடுங்கிக்கொண்டது? அவள் எதையும் கூட்டவில்லை. அதே பெட்டி, அதே கயிறு. காலின் பாரத்தைப் பாதியாகக் குறைத்தாள். குறைத்தால் எல்லாம் லேசாகத்தானே ஆக வேண்டும்?

கடைசி இழையைப் பிணைத்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

"ஏங்க, கால்ல கொறைஞ்சது எங்க போச்சு?"

"இன்னா?"

"பெட்டி அதே பெட்டிதான். அதைக் கீழ இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரமும் அதேதான். முன்ன என் கால் பதினேழு கிலோ பிடிச்சுது. இப்ப எட்டுதான் பிடிக்குது. மிச்சத்தை யார் பிடிச்சாங்க?"

 மயில்வாகனம் சுவரில் முளை இருந்த ஓட்டையைப் பார்த்தார்.

பழனியின் கடையில் கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தது. பேப்பர்க் கட்டுகளை அதில்தான் நிறுப்பான். ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வந்தாள். முதலில் கயிற்றை மிதியிலிருந்து கழற்றி, தராசில் மாட்டி, பெட்டி எழும்பும் வரை மயில்வாகனத்தை இழுக்கச் சொன்னாள். இருபத்து நாலு கிலோ. காலண்டர் தாளின் பின்புறம் அதை எழுதினாள்.

பிறகு கயிற்றைப் பழைய இடத்திலேயே, முளையிலிருந்து இரண்டு முழத்தில், கட்டினாள். முளை இருந்த கோடியில் தராசின் கொக்கியை மாட்டி, தராசின் மறுமுனையில் ஒரு துண்டைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் இப்ப முளை. கோடி மேல வராம பிடிச்சுக்கோங்க."

அவர் குழிக்குள் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். கலாவதி இந்தப் பக்கம் மணல் பையைத் தொங்கவிட்டாள். பெட்டி எழும்பியது.

"எவ்வளவு காட்டுது?"

"அஞ்சு."

"கனமா இருக்குதா?"

"இதுவா? விரல்லயே பிடிக்கலாம்."

இறக்கிவிட்டு, கயிற்றை ஒரு முழம் தள்ளிக் கட்டினாள். பையில் எட்டுக் கிலோ மணல்தான் வைத்தாள். இந்தமுறை பெட்டி எழும்பும்போது மயில்வாகனம் துண்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"பதினாலு" என்றார்.

ஐந்து பதினாலாகியிருந்தது. கலாவதி இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தாள். முன்பு கால் பதினேழு, முளை ஐந்து, கூட்டினால் இருபத்திரண்டு. இப்போது கால் எட்டு, முளை பதினாலு, அதுவும் இருபத்திரண்டு. காலிலிருந்து குறைந்த ஒன்பதும் அப்படியே முளைக்குப் போயிருந்தது. ஒரு கிராம்கூட வீணாகவில்லை.

ஆனால் கயிறு மேலே இழுப்பது இருபத்து நாலு. கீழே பிடிப்பது இருபத்திரண்டுதான். இரண்டு கிலோ எங்கே? அவள் ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப். மேலே இழுப்பதும் கீழே அழுத்துவதும் சரியாக இருந்தால்தான் ஒரு பொருள் அசையாமல் நிற்கும் என்று படித்தது நினைவிருந்தது. அந்தப் பாடத்தில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். தராசு தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டிப் பார்த்தாள். சரியாக ஐந்து காட்டியது. பத்து நிமிடம் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று எழுந்து மிதிபலகையைக் கழற்றித் தராசில் தொங்கவிட்டாள்.

இரண்டு கிலோ.

பலகையும் தன் எடையால் கீழே அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. அவளுக்கு ஏனோ கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் பிடிங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் பதினாலுன்னு தெரிஞ்சுபோச்சே."

"அது மெதுவா வெச்சா. நெய்யும்போது நான் மெதுவாவா மிதிப்பேன்?"

பலகையை மாட்டி, அவள் குழியில் உட்கார்ந்து, நெய்கிற வேகத்தில் காலை இறக்கினாள். மறுகோடியில் மயில்வாகனத்தின் கை விருட்டென்று மேலே போனது. முழங்கை குழிச் சுவரில் இடித்துக்கொண்டது.

"முப்பத்தொண்ணு வரைக்கும் ஓடிச்சு" என்றார் முழங்கையைத் தடவிக்கொண்டே. கொஞ்சம் பொறுத்து, "பாவம், அந்த முளை" என்றார்.

இரண்டு நாளாக மூடியிருந்த பேச்சு அத்தோடு திறந்துகொண்டது. மோட்டார் வைத்துப் பெட்டியைத் தூக்கலாமே என்று அவர் கேட்டார். அது வந்து சேர்ந்து பொருத்துவதற்குள் மாதம் முடிந்துவிடும் என்றாள் அவள். அவருக்கும் அது தெரியும். எதையாவது சொல்லிப் பார்க்க வேண்டுமென்று சொன்னதுதான்.

மறுநாள் காலை கலாவதி காலண்டர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஜெபகுமாரின் வெல்டிங் பட்டறைக்குப் போனாள். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படி என்று எந்நேரமும் பொறி பறக்கும் பட்டறை அது. ஜெபகுமார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை வாங்கிப் பார்த்தான்.

"யாருக்கா போட்டுக் குடுத்தாங்க இதை?"

"நான்தான்பா."

அவன் மறுபடி பார்த்தான். "முளை வேலைக்காகாதுக்கா. ஈரச் சுவர்ல எதை அடிச்சாலும் இழுத்துக்கினு வந்துடும். சிமெண்ட் போட்டா காய ஒரு வாரம் ஆவும். உங்க வீட்ல கனமான கல்லு எதாச்சும் இருக்குதா?"

பின்கட்டில் பழைய வாசற்படிக் கல் ஒன்று கிடந்தது. துணி துவைப்பதற்கு வைத்திருந்தார்கள். எழுபது கிலோ இருக்கும்.

"போதும். தகடு ஒண்ணு குடுக்கறேன். தகடைக் கீழ போட்டு மேல கல்லை உக்கார வெச்சிடலாம். தகட்டு முனையில ஒரு வளையம் பத்த வெச்சா, மிதியை அதுல மாட்டிக்கலாம். முப்பது கிலோ இழுத்தா எழுபது கிலோ கல்லு எந்திரிக்காது." அவன் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். கல்லுக்கு முன்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டு வளையம் வந்தது.

கலாவதி குனிந்து பார்த்தாள். "இவ்வளவு நீட்டா வேணாம் தம்பி. வளையம் கல்லை ஒட்டியே இருக்கணும்."

"ஏன்க்கா? மாட்டறதுக்கு வசதியா இருக்குமே."

"நீட்டினா இதுவும் ஒரு மிதிபலகை ஆயிடும். இங்க முப்பது இழுத்தா கல்லு நெம்பிக்கினு கவுந்துடும்."

ஜெபகுமார் கோட்டைப் பார்த்தான், கல்லைக் கையால் காற்றில் வைத்துப் பார்த்தான். பிறகு காலால் கோட்டை அழித்துவிட்டுக் குட்டையாகப் போட்டான். "சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

குழி வேலை மயில்வாகனத்தின் பொறுப்பாயிற்று. கால் எட்டு அங்குலம் இறங்க வேண்டுமென்றால் தரை இன்னும் நாலு அங்குலம் தாழ வேண்டும். உட்காரும் பலகையை உயர்த்தினால் கை எட்டுவது மாறிவிடும். அதனால் தோண்டத்தான் வேண்டும். ஐப்பசி மழையில் மண் ஊறிக் கிடந்தது. குனிந்து கடப்பாரை போட இடமில்லாத குழியில் அவர் ஒரு சின்னக் கொத்தால் கிண்டிக் கிண்டி இரும்புச்சட்டியில் மண்ணை வாரிக் கொடுக்க, கலாவதி மேலே வாங்கிக் கொட்டினாள். ஓட்டாஞ்சல்லியும் மணலும் போட்டு இறுக்கினார்கள். படிக்கல்லைப் பின்கட்டிலிருந்து உருட்டிவரப் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் வந்தார்கள். கல் குழிக்குள் இறங்கி, தகட்டின்மேல் உட்கார்ந்தபோது மணி இரண்டாகியிருந்தது. சோறு சாப்பிட்ட கையோடு கலாவதி குழியில் இறங்கினாள்.

இறங்கினவள் உடனே நெய்யவில்லை. நூறுமுறை வெறுமனே மிதித்தாள். வேகமாக, மெதுவாக, வேண்டுமென்றே உதைத்து. மயில்வாகனம் டார்ச் அடித்துக் கல்லைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கல் அசையவில்லை.

"ம்" என்றார். நாடாவை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. இரண்டு நாளில் பத்து அங்குலம் ஓட்டினார்கள். வேகம் பழையதில் பாதிதான். ஆனால் ஓடியது. முழங்கால் ராத்திரியில் லேசாக வீங்கினாலும் காலையில் வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை, வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து பாவின்மேல் விழுந்த நேரத்தில் கலாவதி நெய்த துணியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே இழுத்தாள். ஆனி மாதத்துத் துணியும் ஐப்பசி மாதத்துத் துணியும் சேர்ந்த இடத்தில் விரல் சொல்லிவிட்டது. கோடு விழுந்திருந்தது. புதிதாக நெய்தது கொஞ்சம் தளர்ச்சியாக இருந்தது.

"பாத்தீங்களா?"

மயில்வாகனம் விரலை ஓட்டிப் பார்த்தார். தெரிந்தது. ஆனால், "அவ்வளவா தெரியல" என்றார்.

"தெரியுது."

"நாலு மாசம் தறியில கெடந்த பாவு. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். மொதலாளியே கோடு விழட்டும்னு சொல்லிட்டாரு."

"முருகேசன் நெய்தா விழட்டும்னு சொன்னாரு. நான் நெய்தா விழக்கூடாது."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு நாள் நெய்ததை ஊடை இழை ஊடை இழையாக வெட்டி உருவியெடுக்க அன்றைக்குப் பொழுது பூராவும் ஆனது. ஜரிகையும் பட்டும் மடியில் குப்பையாகச் சேர்ந்தன. மயில்வாகனம் கொஞ்சநேரம் வெளியே போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து மறுபக்கத்திலிருந்து அவரும் உருவ ஆரம்பித்தார்.

உருவிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காரணம் பிடிபட்டது. தப்பு கையில் இல்லை. கால் நாலங்குலம் இறங்கின காலத்தில், கால் அடியைத் தொடுவதும் கை அச்சுப்பலகையை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். இப்போது கால் எட்டு அங்குலம் போக வேண்டும். கைக்கு அது தெரியாது. அது பழைய நேரத்துக்கே முந்திக்கொண்டு வருகிறது. காலும் கையும் ஒன்றையொன்று துரத்துவதில் அடியின் பலம் சிதறிவிடுகிறது.

மறுநாளிலிருந்து வாய்விட்டு எண்ணி நெய்தார்கள். கால் இறங்கும்போது கலாவதி "ஒண்ணு" என்பாள். பாதம் தரையைத் தொட்ட பிறகு "ரெண்டு". ரெண்டுக்குத்தான் கை வர வேண்டும். மறுபக்கம் மயில்வாகனத்தின் நாடாவும் அதற்கே காத்திருக்க வேண்டும். முதல் நாள் அரை அங்குலம் நெய்து, பார்த்து, மறுபடி உருவினாள். அடுத்த அரை அங்குலத்தையும் உருவினாள். மூன்றாவதை மயில்வாகனம் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே பாரு, நான் சொன்னா நம்பமாட்ட" என்று தள்ளி உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"எது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல" என்றாள்.

"அப்ப ஓட்டு."

மாதக் கடைசியில் காசிநாதன் சொன்னபடியே முருகேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முருகேசன் நாற்பது வயதுக்காரர், நல்ல நெசவாளி, பேச்சு குறைவு. உள்ளே வரும்போதே தறிச்சத்தம் கேட்டு காசிநாதன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். கலாவதி எண்ணிக்கையை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

காசிநாதன் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, துணியின்மேல் வைத்து, ஜான் ஜானாக நகர்த்தினார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு விரலால் பார்த்தார்.

"எந்த இடத்துல நிறுத்தின?"

"நீங்களே பாருங்க மொதலாளி."

அவர் இரண்டு இடத்தில் விரல் வைத்தார். இரண்டும் இல்லை. கலாவதி உண்மையான இடத்தைக் காட்டியபோது ஜன்னல் பக்கம் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தார். "ம்" என்று மட்டும் சொன்னார்.

முருகேசனுக்குத் துணியைவிடக் குழியில்தான் கண் போயிருந்தது. கல்லையும் வளையத்தையும் கயிறு கட்டியிருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு, "நான் ஒரு தபா உக்காந்து பாக்கவா?" என்றார். கலாவதி ஏறி இடம்விட்டாள். "துணி ஓட்டாதீங்கண்ணா. சும்மா மிதிங்க" என்றாள். அவர் தன் வழக்கமான பலத்தில் மிதித்தார். பதினேழு கிலோவை எதிர்பார்த்துப் போன கால் எட்டுக் கிலோ மிதியை அடித்துத் தரையில் போட்டது. மேலே பெட்டி தூக்கிவாரிப் போட்டதுபோலக் குதித்து அமர்ந்தது.

முருகேசன் காலை எடுத்துக்கொண்டார். "இது எனக்கு ஒத்து வராது மொதலாளி. நான் உக்காந்தா இழை அறுந்துடும்."

"கயிறைப் பழைய இடத்துக்கு மாத்திக்கலாமே" என்றார் காசிநாதன்.

"மாத்தலாம். ஆனா எதுக்கு மாத்தணும்? அதான் ஓடுதே."

காசிநாதன் கலாவதியைப் பார்த்தார். "எவ்வளவு நாள்ல முடிப்ப?"

"கார்த்திகை இருவதுக்குள்ள."

"தீபத்துக்கு முன்ன குடுக்க முடியுமா?"

"முடியாது மொதலாளி. இருவதுன்னா இருவது. அதுக்கு முன்ன கேட்டா என்னால ஆவாது."

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முருகேசனோடு கிளம்பினார்.

புடவை கார்த்திகை பதினெட்டாம் தேதி பகலில் தறியிலிருந்து அறுந்து வந்தது. மயில்வாகனம் அதை மடித்துக் காசிநாதனிடம் கொடுத்துவிட்டு, வரும்போதே அடுத்த பாவுக்குப் பேசிவிட்டு வந்தார். மாம்பழ நிறம், பச்சைக் கரை.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் சுகாசினி மறுபடி எடை மெஷினை வைத்தாள். கலாவதி பதினாலு வரைக்கும் முகம் மாறாமல் அழுத்தினாள்.

"பன்னெண்டு வெச்சுக்கோங்க இப்போதைக்கு" என்றாள் சுகாசினி. "நெய்யறீங்களாக்கா? எப்படி? பத்துக்குள்ள மிதியே கெடையாதுன்னு சொன்னாங்களே எல்லாரும்?"

கலாவதி சொன்னாள். சுகாசினி பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். கலாவதி பலகையைக் கோடாகப் போட்டு, மூன்று அம்புக்குறி வரைந்தாள். பிறகு யோசித்து, பலகையின் நடுவில் நாலாவதாகச் சின்னதாக ஒன்று போட்டாள்.

"இது இன்னா?"

"பலகையோட எடை. இதை விட்டுட்டா கணக்கு நிக்காதும்மா."

புதுப் பாவு பிணைத்து முடித்த அன்று, கயிற்றைக் கட்டும் முன் அவள் காலண்டர் தாளில் போட்டுப் பார்த்தாள். முளையின் இடத்திலிருந்து இரண்டு அடியில், பலகையின் சரிநடுவில் கட்டினால் காலுக்குப் பதினொன்று, கல்லுக்குப் பதினொன்று. கால் ஆறு அங்குலம் இறங்கினால் போதும். வேகம் கொஞ்சம் கூடும். மணல் பையில் பதினொரு கிலோ நிறுத்துத் தொங்கவிட்டாள். பெட்டி எழும்பியது. பையை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, குழியில் இறங்கி, காலை மிதியில் வைத்தாள்.

"எண்ணணுமா?" என்றார் மறுபக்கத்திலிருந்து மயில்வாகனம்.

"எண்ணுங்க" என்றாள். "இது வேற கணக்கு. கைக்கு இன்னும் தெரியாது."